ஆறாம் பக்கமும் இருபத்தேழாம் பக்கமும்

வெள்ளிக்கிழமை, கோயில் டைரக்டரி மடிச்ச அன்னிக்கு, பிரஸ்ல இருந்தவங்க மொத்தம் அஞ்சு பேரு, அச்சா. கோயில் சாமியார் நீங்க, எழுதிக்கணும்னா எழுதிக்குங்க. முதலாளி பொறிஞ்சு, அவரோட கண்ணாடி ரூம்ல. கம்ப்யூட்டர்ல சினிப் பொண்ணு. மெஷின்ல ரப்பாயி. மடிக்கிற மேசையில வெரோனி. பிளேட் மேசையில நான், எடப்பறம்பில் தேவஸி. பூனையச் சேத்தா ஆறு. ஆனா பூனை அன்னிக்கு எந்தத் தாள் மேலயும் ஏறிப் படுக்கல, நான் கவனிச்சேன். அது மேல பழியப் போட்டுத் தப்பிக்க வழியில்ல.

வேண்டாம் அச்சா, நின்னே பழகிப்போச்சு. முப்பத்தெட்டு வருஷமா நின்னுகிட்டுத்தான் வேலை. சரி, நீங்க சொல்றதால இந்த ஓரத்துல உக்காந்துக்கறேன்.

கைக்காரர் அந்தப்பன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. கோயில் கணக்கோட சேத்து ஊர் மானத்தையும் அவர்தானே பாக்கறாரு. நேத்து சாயங்காலமே கமிட்டி கூடி முடிவு பண்ணிட்டீங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய குர்பானா பூசை முடிஞ்சதும் நான் முன்னால வந்து நின்னு, வெட்டுவழியில் வெரோனிங்கற ஒரு விதவையோட பேரக் கேலிக்கு இடமாக்கிட்டேன்னு மைக்ல மன்னிப்புக் கேக்கணும். கேக்கலன்னா கோயில் வேலை இனிமே எங்க பிரஸ்ஸுக்குக் கிடையாது. கோயில் வேலைன்னா பெருநாள் நோட்டீஸ், கல்யாணப் புத்தகம், ஜெபப் புத்தகம் எல்லாந்தான். அது போச்சுன்னா பொறிஞ்சு முதலாளி ஷட்டர இறக்கிட வேண்டியதுதான். காலையில அவரு என்ன வெறும் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. வழக்கமா என் பேருக்கு முன்னால நாலஞ்சு மிருகத்தோட பேரு வரும். இன்னிக்கு ஒரு மிருகம் கூட வரல. அதுதான் பயமா இருக்கு.

மைக்! அச்சா, நான் மைக் முன்னால நின்னது வாழ்க்கையில ஒரே ஒரு தடவ. பெருநாள் ஊர்வலத்துல வர்ற பட்டுக் குடைங்கள எண்ணி எடுத்து வெக்கிறது என் பொறுப்பு. ஒரு வருஷம் எண்ணிக்கையில ஒண்ணு குறைஞ்சுது. மைக்ல சொல்லிடு தேவஸின்னு அந்தப்பன் தள்ளிவிட்டுட்டாரு. ஒரு குடை, அப்படின்னு ஆரம்பிச்சேன். குறையுதுங்கற மிச்சம் தொண்டைய விட்டு வரல. எனக்குத்தான் குடை வேணும்போலன்னு நினைச்சு ஜனங்க மூணு குடையக் கொண்டுவந்து கையில குடுத்துட்டாங்க. நல்ல வெயில். மூணு குடையோட நான் நின்ன கோலத்தப் பத்தி ரப்பாயி இன்னிக்கு வரைக்கும் பேசறான்.

தெரியும், விஷயத்துக்கு வர்றேன். நீங்க இங்க பங்குச் சாமியாரா வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது. ஆளுங்க முகம் தெரியணும்னுதான் எல்லா வீட்டுப் போட்டோவும் போட்டு இந்த டைரக்டரியவே அச்சடிக்கச் சொன்னீங்க. நல்லாத் தெரிஞ்சுகிட்டீங்க எங்களப் பத்தி.

நான் வேணும்னே பண்ணேனான்னு கேக்கறீங்க. அதுக்குப் பதில் சொல்லணும்னா ஒரு புத்தகம் எப்படி உண்டாகுதுன்னு நீங்க பாக்கணும். அந்தப் பழைய நோன்பு நோட்டீஸ் ரெண்டு தாள் குடுங்க. வேண்டாததுதானே? பாருங்க, ரெண்டையும் ஒண்ணா அடுக்கி நடுவுல மடிக்கிறேன். ஆச்சா, எட்டுப் பக்கம் வந்துடுச்சு. இப்பப் பேனாவ எடுத்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எட்டு வரைக்கும் பக்க நம்பர் போடுங்க. போட்டாச்சா? இப்பத் தாளுங்களப் பிரிச்சு வெளித் தாளப் பாருங்க. ஒண்ணுக்குப் பக்கத்துல என்ன இருக்கு? எட்டு. அதத் திருப்புங்க. ரெண்டுக்குப் பக்கத்துல ஏழு. உள்தாள்ல மூணும் ஆறும், அதுக்குப் பின்னால நாலும் அஞ்சும். பக்கத்துல பக்கத்துல இருக்கற எந்த ரெண்டையும் கூட்டிப் பாருங்க, ஒன்பது வரும்.

ஆமா அச்சா, இவ்வளவுதான் என் வித்தை. ஏழாங் கிளாஸோட நின்னவனுக்கு இதுக்கு மேல வராது. டைரக்டரி முப்பத்திரண்டு பக்கம், அதனால கூட்டினா முப்பத்திமூணு. சினி ட்ரேசிங் தாள்ல பக்கம் பக்கமா எடுத்துக் குடுக்கும். நான் இந்தக் கணக்குப்படி ஜோடி சேத்து ஒட்டி, அச்சுத் தகட்டுல ஏத்தி பிளேட் போடுவேன். ரப்பாயி அச்சடிப்பான். வெரோனி மடிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணாச் செருகி, முதுகுல ரெண்டு பின் அடிப்பாங்க. அப்புறம் நான் ஓரத்த வெட்டுவேன்.

இதப் பண்ணிப் பண்ணி என் புத்தியே இப்படி ஆயிடுச்சு. முப்பத்தெட்டு வருஷமா எத்தனையோ புத்தகம் என் கையால போயிருக்கு, ஒண்ணையாவது முதல்லருந்து கடைசி வரைக்கும் படிச்சதில்ல. முதல் பக்கத்துல ஒருத்தன் பொறந்தா பக்கத்துலயே அவன் செத்துக் கிடப்பான். அப்புறம் எப்படி அச்சா கதையில மனசு போகும்? ஓட்டல்ல சாப்பாட்டுச் சீட்டப் பாத்தாக் கூட முதல் பலகாரத்தையும் கடைசிப் பலகாரத்தையும் சேத்துத்தான் கேப்பேன். புட்டும் பாயசமும்.

கல்யாணமா? ஆகல. நாலு தங்கச்சிங்கள ஒவ்வொண்ணா அனுப்பறதுக்குள்ள முப்பது தாண்டிடுச்சு. ஒரு தடவ பொண்ணு பாக்கப் போனேன். அந்தப் பொண்ணு சாயா கொண்டுவந்து குடுத்துது. எனக்கு முகத்தப் பாக்க வெக்கம், அண்ணாந்து கூரையப் பாத்துகிட்டிருந்தேன். வெளிய வந்ததும் எப்படிடான்னு மாமா கேட்டாரு. ஓட்டுல மூணு ஒடஞ்சிருக்கு, மழைக்கு முன்னால மாத்தணும்னேன். அதோட என்ன யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகல.

சிரிங்க அச்சா, பரவால்ல. இது சிரிக்கிற விஷயந்தான்.

இப்ப டைரக்டரிய எடுங்க. வீடுங்க எல்லாம் எழுத்து வரிசை. எடப்பறம்பில் முன்னாலயே வந்துடும், ஆறாம் பக்கம். வெட்டுவழியில் கடைசிக்குக் கிட்டத்தான் வரும், இருபத்தேழு. நடுவுல இருபது பக்கம், நூத்து முப்பது வீடு. எங்க ரெண்டு வீட்டுலயும் ஆள் ஒண்ணுதான். கூட்டிப் பாருங்க, ஆறும் இருபத்தேழும்? முப்பத்திமூணு. ஒரே தாள்ல பக்கத்துப் பக்கத்துல அச்சாகற பக்கங்க. மடிக்கிறவங்க வெளிய இருந்து மூணாவது தாளா அதச் செருகிட்டா ரெண்டும் எங்கயோ எங்கயோ போயிடும். அதே தாள மூணாவதா வெக்காம எல்லாத்துக்கும் உள்ள, நட்ட நடுவுல வெச்சா? அதேதான். புத்தகத்த விரிச்சதும் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வெரோனி.

அதுலயும் பாருங்க, ஸ்டுடியோவுல கேமராவப் பாருங்கன்னு சொன்னப்ப எனக்கு வெக்கம், முகத்த இந்தப் பக்கம் திருப்பிகிட்டேன். அவங்க என்னத்துக்கோ அந்தப் பக்கம் திரும்பியிருக்காங்க. ரெண்டு படமும் மடிப்ப ஒட்டி, கீழ் வரிசையில, ஒரே உயரத்துல. சேத்து வெச்சா ஒருத்தர ஒருத்தர் பாத்துகிட்டு நிக்கற மாதிரி. கல்யாணப் போட்டோகிராபர் கூட இவ்வளவு நேரா நிக்க வெக்க மாட்டான்.

நேத்து குர்பானா முடிஞ்சு முற்றத்துல புத்தகம் குடுத்துகிட்டிருந்தப்ப என்ன நடந்துதுன்னு உங்களுக்கே தெரியும். தெரியாதா? நீங்க உள்ள உடுப்பு மாத்திகிட்டிருந்தீங்களோ. அந்தப்பனோட சம்சாரந்தான் முதல்ல நடுவுல பிரிச்சாங்க. அய்யோன்னு ஒரு சத்தம். அப்புறம் முற்றம் முழுக்க எல்லாரும் நடுப் பக்கத்தப் பிரிக்கிறாங்க. ரப்பாயி ஆல மரத்தடியில நின்னுகிட்டு, நடுவுல ரெண்டு பின்னும் அடிச்சாச்சு, இனி யாராலயும் பிரிக்க முடியாதுன்னு கத்தறான். எங்களுக்கெல்லாம் பத்திரிகையே வெக்கலியே தேவஸியேட்டான்னு ஒருத்தன். விருந்துக்கு எருமைப் போத்திறைச்சி உண்டா, இல்ல கோழியோட முடிச்சுக்குவீங்களான்னு இன்னொருத்தன்.

வெரோனி கிணத்துப் பக்கம் நின்னுகிட்டிருந்தாங்க. அழல. ஓடல. புத்தகத்த ஒரு கை தூரத்துல பிடிச்சுப் பாத்துட்டு, என் மூக்கு இவ்வளவு நல்லா வரும்னு நான் நினைக்கலன்னு சத்தமாச் சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சொல்லிட்டு என்னப் பாத்தாங்க.

நான் என்ன பண்ணேன்? ரெண்டு கையையும் தூக்கிகிட்டு முற்றத்து நடுவுல ஓடி வந்து, என் தப்பு, என் தப்பு, பெரிய தப்பு நடந்துபோச்சு, எல்லாரும் திருப்பிக் குடுத்துடுங்கன்னு கூவினேன். மைக் இல்லாமலே நேத்து என் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கும். வாழ்க்கையில ஒரு தடவ வாய் தெறந்தேன், அதையும் பாருங்க.

அவங்க புத்தகத்த மூடினாங்க. வெளிய நடந்து போயிட்டாங்க. அதப் பாத்துத்தான் அந்தப்பனுக்குக் கோபம். ஒரு விதவைய அழ வெச்சுட்டியேடான்னாரு. அவரு சொன்னது சரிதான். ஆனா அவரு நினைச்ச காரணம் இல்ல.

அதச் சொல்லத்தான் வந்திருக்கேன். கதவ லேசாச் சாத்தட்டுமா? மணியடிக்கிற கப்பியார் அங்க மணிய அரை மணி நேரமாத் துடைக்கிறாரு. அந்த மணிக்கு அவ்வளவு அழுக்கில்ல.

இது பாவசங்கீர்த்தனம் இல்ல, அச்சா. ஆனா கொஞ்சம் அந்த மாதிரி வெச்சுக்குங்க. நான் சொல்லப்போற ஒரு பகுதி கமிட்டிக்குப் போகக் கூடாது. ஏன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

நேத்து மத்தியானம் நான் சாப்பிடல. என் கிட்ட பிரஸ் சாவி ஒண்ணு இருக்கு. தெறந்துகிட்டு உள்ள போனேன். எனக்கு அறுபத்திநாலு வயசாகுது. கண்ணுல ஒரு பக்கம் புரை எடுத்தாச்சு. புத்தியும் போயிடுச்சா, முப்பத்திமூணு கூடக் கூட்டத் தெரியாம போயிட்டேனான்னு ஒரு நடுக்கம். இனிமே நான் என்னத்துக்கு ஆவேன், அச்சா? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதானே. பிளேட்டுங்கள ஒவ்வொண்ணா எடுத்து வெளிச்சத்துல பாத்தேன். எல்லாம் சரியா இருந்துது. ஆறுக்குப் பக்கத்துல இருபத்தேழு, அதுக்குப் பின்னால அஞ்சும் இருபத்தெட்டும். ஒரு நூல் பிசகல. அப்புறம், திரும்பி வந்ததுல ஒரு புத்தகத்தப் பின்னு கழட்டிப் பாத்தேன். மூணாவது தாள் நடுவுல இருந்துது. ஒட்டினதுல தப்பில்ல, செருகினதுலதான்.

ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துது. தேவஸி இன்னும் கெட்டுப் போகலடான்னு சொல்லிகிட்டேன். பூனை கேட்டுகிட்டிருந்துது.

அப்பத்தான் செவுத்துல மாட்டியிருந்த ஒப்புக் காப்பி கண்ணுல பட்டுது. எங்க வழக்கம் அது. மடிச்சுப் பின் அடிச்ச முதல் புத்தகம் என் கைக்கு வரணும். ஒவ்வொரு பக்கமாப் பாத்து, பின் அட்டையில கையெழுத்துப் போட்டு ஆணியில மாட்டுவேன். அதுக்கப்புறந்தான் மிச்சம் நடக்கும். அத எடுத்துப் பிரிச்சேன். நடுவுல பதினாறும் பதினேழும். சரியான புத்தகம்.

புரியுதா அச்சா? இல்ல, எனக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. மேசையில எட்டு அடுக்கு வரிசையா வெச்சிருப்பாங்க. வெளித் தாள் அடுக்கு முதல்ல, நடுத் தாள் அடுக்கு கடைசி. ஒவ்வொண்ணுலருந்தும் ஒரு தாள் எடுத்துச் செருகிகிட்டே நடக்கணும். அடுக்க மாத்தி வெச்சிருந்தா முதல் புத்தகமே தப்பா வந்திருக்கணும். அது சரியா வந்திருக்கு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுக்கப்புறம் வந்த அத்தனையும் வேற மாதிரி. அப்படின்னா என் கையெழுத்து காயறதுக்குள்ள யாரோ மூணாவது அடுக்கத் தூக்கிக் கடைசியில வெச்சிருக்காங்க. தெரிஞ்சே வெச்சிருக்காங்க.

அந்த மேசையில இருந்தது ஒரே ஆளு. ஆமா. வெரோனி.

இப்பவாவது இந்த மண்டைக்குள்ள வெளிச்சம் வந்திருக்கும்னு நினைப்பீங்க. வரல. எனக்கு வந்தது கோபம். ரப்பாயி ஏதோ சொல்லி அவங்களத் தூண்டிவிட்டு, என்ன ஊர் முன்னால கேவலப்படுத்தியிருக்கான்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்குப் போய் நாலு கேள்வி தயார் பண்ணேன். கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். மூணாவது கேள்வியில எனக்கே என் மேல பயம் வந்துடுச்சு.

இன்னிக்குக் காலையில அவங்க எனக்கு முன்னாலயே வந்து மேசையில நின்னுகிட்டிருந்தாங்க. ஒரு கல்யாணப் புத்தகம் மடிச்சுகிட்டிருந்தாங்க, மூங்கில் பட்டையால அழுத்தி அழுத்தி. மூணாவது அடுக்க நகத்தினது யாருன்னு கேட்டேன். நான்தான்னாங்க. தலையக் கூட நிமித்தல. ரப்பாயி சொல்லித்தானேன்னேன். ரப்பாயிக்கு மூணாவது எது, எட்டாவது எதுன்னு தெரியுமான்னாங்க. தெரியாதுதான். அதோட என் நாலு கேள்வியில ரெண்டு போச்சு.

அப்ப ஏன்னேன்.

பட்டையக் கீழ வெச்சாங்க. சொன்னாங்க, அச்சா, அவங்க சொன்னத அப்படியே சொல்றேன். தேவஸியேட்டா, பதினோரு வருஷமா உங்க எதிர்ல நின்னு மடிக்கிறேன். வாயால சொல்ற பழக்கம் எனக்கும் இல்ல. மீனால சொன்னேன். பொரிச்ச மத்தி ரெண்டு வெக்கிற இடத்துல மூணு வெச்சேன். நீங்க ஒண்ண எடுத்துத் திருப்பிக் குடுத்து, எண்ணிக்கை தப்பா வந்திருக்குன்னு சொன்னீங்க. போன பெருநாளுக்கு ஊர்வலத்துல ஒரே குடைக்குக் கீழ நடக்கலாமான்னு கேட்டேன். ஒரு குடைக்கு ஒரு ஆள்தான் கணக்குன்னீங்க. உங்களுக்குக் கேக்கற பாஷை இந்தத் தாள் ஒண்ணுதான். அதுலயும் கேட்டுப் பாத்துட்டேன்.

நான் கேட்டேன் பாருங்க ஒரு கேள்வி. என்ன மாதிரி ஆளுங்களாலதான் அத அந்த நேரத்துல கேக்க முடியும். அதுக்கு எதுக்கு எல்லாப் புத்தகத்துலயும்? ஒரே ஒரு காப்பியில வெச்சு என்கிட்டக் காட்டியிருக்கலாமேன்னேன்.

ஒண்ணுல வெச்சா தப்பான காப்பின்னு கிழிச்சுக் குப்பையில போட்டுடுவீங்கன்னாங்க.

போட்டிருப்பேன் அச்சா. சத்தியமாப் போட்டிருப்பேன்.

ஊருக்குக் காட்டணும்னு அவங்க நினைக்கவே இல்ல. அதுதான் நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது. ஓரம் வெட்டறதுக்குக் கட்டு கட்டா என் கைக்குத்தானே வரணும். வெட்டறதுக்கு முன்னால கட்டுக்கு ஒண்ணு நான் நடுவுல பிரிச்சுப் பாப்பேன், அது என் வழக்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டுங்கள என் பக்கம் தள்ளிட்டு, அவங்க மடிக்கிற மாதிரி பாவனை பண்ணிகிட்டு நின்னிருக்காங்க. நான் பிரிப்பேன், பாப்பேன், வேண்டாம்னா முகத்தச் சுளிச்சுகிட்டுத் திருப்பித் தருவேன், ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் சரி பண்ணிடலாம், யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிருக்காங்க. நான் திருப்பித் தரல. பத்துக் கட்டையும் வெட்டி, அடுக்கி, கயிறு கட்டி, கோயிலுக்கு அனுப்பிட்டேன்.

அவங்க என்ன நினைப்பாங்க? இந்த மனுஷன் பாத்துட்டான், சம்மதிச்சுட்டான், அதையும் ஊரறியவே சொல்லிட்டான்னுதானே? நேத்து அந்த வெள்ளப் புடவை, பச்சைக் கரை போட்டது, அது புதுசு அச்சா. அதக் கட்டிகிட்டு கிணத்தடியில வந்து நின்னிருந்தாங்க. மூக்கு நல்லா வந்திருக்குன்னு சொல்லிட்டு என்னப் பாத்தாங்கன்னு சொன்னேனே. அப்பத்தான் நான் கையத் தூக்கிகிட்டு ஓடி வந்து, பெரிய தப்பு நடந்துபோச்சுன்னு கூவினது.

நான் பிரிச்சுப் பாக்கவே இல்ல. அதுதான் நடந்தது. ரப்பாயி அச்சடிச்சத ஒவ்வொரு தாளாப் பாப்பேன். சினி பண்ணத மூணு தடவ பாப்பேன். என் வேலையவே நான் நம்ப மாட்டேன். அவங்க மடிச்சுத் தர்ற கட்டுங்கள மட்டும், அது ஒரு அஞ்சாறு வருஷமாவே, பிரிச்சுப் பாக்கறதில்ல. ஒரு தடவ கூடத் தப்பு வந்ததில்ல. பிரிச்சுப் பாத்தா அது அவங்களச் சந்தேகப்படற மாதிரி எனக்குத் தோணும். பிரிக்கிற மாதிரி கையக் கொண்டு போயிட்டு அப்படியே வெட்டற மெஷின்ல வெச்சுடுவேன். அது நான் அவங்களுக்குக் குடுக்கற ஒரு... என்ன சொல்றது... மரியாதைன்னு வெச்சுக்குங்களேன். அது ஒண்ணுதான் நான் குடுத்தது. அது அவங்களுக்குத் தெரியாது. நான் சொன்னதில்ல.

இன்னிக்குச் சொன்னேன். நீங்க மத்தவங்களச் சந்தேகப்படற மாதிரி என்னையும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தா நேத்து எனக்கு இந்த மானக்கேடு இல்லன்னாங்க. நியாயந்தானே?

சாயா ஆறிப்போச்சு, பரவால்ல, அப்படியே குடிக்கிறேன்.

மைக்ல நிக்கறேன் அச்சா. மாட்டேன்னு சொல்ல வரல. ஆனா கமிட்டி எழுதிக் குடுத்தத நான் படிக்க முடியாது. ரெண்டு பேரையும் சேத்து வெச்சதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு எழுதியிருக்காங்க. நான் கேக்க வேண்டியது அதுக்கில்ல. தப்புன்னு சொன்னதுக்கு. டைரக்டரியில தப்பு எதுவும் இல்ல, தப்புன்னு நான் கூவினதுதான் தப்பு, இவ்வளவுதான் சொல்லுவேன். ஒரு வரி. கண்ணாடி முன்னால ஏழு தடவ சொல்லிப் பாத்தாச்சு, ஆறு தடவ முழுசா வந்துது. யார் செருகினாங்கன்னு கேட்டா பிரஸ்ல நடந்ததுன்னு சொல்லிடுங்க. அவங்க பேரு அதுல வேண்டாம்.

அவங்க பேரு வேற இடத்துல வரட்டும். குர்பானா முடியறப்ப, கல்யாணம் நிச்சயமானவங்க பேர நீங்க விளிச்சுச் சொல்லுவீங்கல்ல, இந்த வாரம் அந்தப்பனோட அக்கா மக பேரு இருக்குன்னு கேள்விப்பட்டேன். அதுக்குக் கீழ எங்க ரெண்டு பேரையும் சேத்துக்குங்க. எடப்பறம்பில் தேவஸி, வெட்டுவழியில் வெரோனி. மூணு ஞாயித்துக்கிழமை சொல்லணும்கறது முறை. ஆட்சேபணை உள்ளவங்க சொல்லலாம். ரப்பாயி ஏதாவது சொல்லுவான், அதக் கணக்குல எடுத்துக்க வேண்டாம்.

ஆமா அச்சா, கேட்டேன். நான்தான் கேட்டேன். இன்னிக்குக் காலையில, வாயாலயே. எப்படிக் கேட்டேன்னு மட்டும் கேக்காதீங்க. பாதியில நின்னுபோச்சு. மிச்சத்த அவதான் சொன்னா. அவ மக ஒரிசாவுல மடத்துல இருக்கு, அதுக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சு. அந்தக் கன்னியாஸ்திரீ, அம்மா, அந்த மீன் திருப்பிக் குடுக்கற ஆளான்னு கேட்டுச்சாம்.

நீங்க எழுந்திருக்க வேண்டாம். ஆசீர்வாதம் அப்புறம் முறையா வாங்கிக்கறோம், ரெண்டு பேருமா வந்து. இப்ப நான் போகணும், அவ மேசையில தனியா இருக்கா. புத்தகத்தச் சரி பண்ண ஆரம்பிச்சுட்டோம். நான் பின்னக் கழட்டறேன், அவ தாள மாத்திச் செருகி மறுபடி அடிக்கிறா. கோயிலுக்கு வந்தது இருநூத்தி நாப்பத்தொன்பது. நேத்து ஜனங்க கையில போனது எண்பத்திமூணு. அதுல திரும்பி வந்தது பன்னெண்டு. மிச்சம் எழுபத்தோரு வீட்டுல தர மாட்டேன்னுட்டாங்க. அந்தப்பனோட சம்சாரமும் அதுல ஒருத்தி, அவருக்குத் தெரியாது. ஆக எங்க கையில இருக்கறது நூத்தி எழுபத்தெட்டு. காலையிலருந்து முடிச்சது முப்பத்தேழு. பேசிகிட்டே பண்றதால கொஞ்சம் மெதுவாத்தான் போகுது. இன்னும் மிச்சம் நூத்தி நாப்பத்தொண்ணு.